18 வயதுப் பிள்ளைக்குக் கார் ஓட்டக் கற்றுத்தர வேண்டியது டிரைவிங் ஸ்கூலா, பெற்றோரா?

அடுத்த மாதம் உங்கள் மகனுக்கு 18 வயது நிறைகிறது, உங்களுக்கு 20 ஆண்டுகள் கார் ஓட்டிய அனுபவம் இருக்கிறது, வண்டியும் வீட்டிலேயே நிற்கிறது. அப்படியிருக்க டிரைவிங் ஸ்கூலுக்குப் பணம் கட்டத்தான் வேண்டுமா, நாமே கற்றுத்தருவதென்றால் வடசென்னையில், வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு எங்கே பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருவொற்றியூரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் மூத்தவனுக்கு அவன் அப்பாவே கற்றுத்தந்தார். அதில் பட்டதை வைத்து இளையவளை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்தோம். இரண்டிலும் வெவ்வேறு குறைகளைக் கண்ட பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: முதல் பத்து மணி நேரம் டிரைவிங் ஸ்கூலில் கற்கட்டும், அதன் பின் குறைந்தது இன்னொரு பத்து மணி நேரம் உங்களை அருகில் வைத்துக்கொண்டு ஓட்டட்டும். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

மூத்தவனுக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். என் கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். பல ஆண்டுகளாக ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவர். அந்த நம்பிக்கையில், பழகத் தொடங்கிய முதல் வாரத்திலேயே மகனை எங்கள் தெருவிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையை நோக்கி ஓட்டச் சொன்னார். தெருமுனையில் ஓர் ஆட்டோ திடீரென்று குறுக்கே வந்தது. இவர் "பிரேக், பிரேக்!" என்று கத்தினார், அந்தச் சத்தத்தில் பதறிய பையன் பிரேக்கிற்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டான். இவர் ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் வண்டி ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு மீன்பாடி வண்டியில் போய் மோதி நின்றது. நல்ல வேளையாக அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வளைந்துபோன சக்கரத்துக்கு உரியவரிடம் பணம் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். ஆனால் மகன் அடுத்த நான்கு மாதம் கார் சாவியைத் தொடவே இல்லை.

அன்று என் கணவரின் கவனத்தில் குறை எதுவும் இருக்கவில்லை. ஆட்டோவை அவர்தான் முதலில் பார்த்தார். பார்த்ததைச் செயலாக்க அவருடைய காலடியில் ஒரு பிரேக் இல்லை என்பதே உண்மையான காரணம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 8 மீட்டருக்கும் மேல் கடந்துவிடும். நீங்கள் சொல்லி, அது பிள்ளையின் காதில் விழுந்து, அவன் காலுக்கு எட்டுவதற்கு ஒரு நொடி போதாது. ஹேண்ட் பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், அதை இழுத்தாலும் வண்டி உடனே நின்றுவிடாது. சில புதிய கார்களில் கையால் இழுக்கும் பிரேக்கே கிடையாது, ஒரு பொத்தான்தான் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பயிற்சியாளர் பக்கத்திலும் கிளட்ச், பிரேக் மிதிகள் இருக்கின்றன. அப்படி இரட்டைக் கட்டுப்பாடு பொருத்திய வண்டி வைத்திருக்க வேண்டும் என்பது பள்ளிக்கு உரிமம் தருவதற்கே ஒரு நிபந்தனை. நீங்கள் கட்டும் பணத்தில் பெரும்பங்கு அந்த இரண்டாவது பிரேக்கிற்கு என்று நினைத்துக்கொண்டால் அது வீண் செலவாகத் தோன்றாது.

சட்டமும் இதை ஒட்டியே எழுதப்பட்டிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3ஆம் விதி, எல்.எல்.ஆர். என்று நாம் சொல்லும் பழகுநர் உரிமத்துடன் ஓட்டுபவரின் அருகில் செல்லுபடியாகும் உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்பதோடு, அவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் வருகிறது. உங்கள் காரின் காப்பீட்டு ஆவணத்தை எடுத்து ஓட்டுநர் பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். பழகுநர் ஓட்டலாம், ஆனால் இந்த 3ஆம் விதியை நிறைவு செய்திருக்க வேண்டும் என்ற வாசகம் வழக்கமாக அதில் இருக்கும். எனவே ஒரு விபத்து நேர்ந்தால் "அப்பா பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார்" என்ற சமாதானம் மட்டும் போதாமல் போகலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் "தெருவிலேயே கொஞ்சம் பழகட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். காருக்கான பழகுநர் உரிமமே 18 நிறைந்த பிறகுதான் கிடைக்கும். 16 வயதில் ஓட்டலாம் என்கிற சலுகை 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வாகனத்துக்கு மட்டுமே உரியது. நம் தெருக்களில் பிள்ளைகள் ஓட்டிப் போகும் 110, 125 சிசி ஸ்கூட்டர்களுக்கு அது பொருந்தாது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. ஒரு மாதம் பொறுப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

இனி இளையவள் கதைக்கு வருகிறேன். அவளைச் சேர்த்த பள்ளியில் 21 நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்று சொன்னார்கள். மாஸ்டர் பொறுமையானவர், ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழித்து நடந்த தேர்வில் அவள் முதல் முறையிலேயே தேறினாள். ஆனால் உரிமம் கைக்கு வந்த வாரத்தில் எங்கள் காரை எடுத்துக்கொண்டு மின்ட் மேம்பாலத்தில் ஏறியபோது முன்னால் வண்டிகள் நின்றன. ஏற்றத்தில் நிறுத்திய இவளால் மறுபடி நகர்த்த முடியவில்லை. நான்கு முறை வண்டி ஆஃப் ஆயிற்று, பின்னால் ஹாரன்கள் அலறின, வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியதும் அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை: "அம்மா, அங்க வண்டி ஒரு நாள்கூட ஆஃப் ஆனதே இல்லம்மா." ஆகாததற்குக் காரணம், அந்த 21 நாளும் கிளட்ச்சையும் பிரேக்கையும் பெரும்பாலும் மாஸ்டரின் கால்களே பார்த்துக்கொண்டிருந்தன, என் மகள் ஸ்டீயரிங்கை மட்டும்தான் கற்றிருந்தாள். நெரிசலான சாலையில் மூன்று மாணவர்களை ஏற்றிக்கொண்டு நேரத்துக்குள் சுற்றி வர வேண்டிய பயிற்சியாளருக்கு அப்படிச் செய்வது இயல்பாகவே வந்துவிடுகிறது. அவரை நான் குறை கூறவில்லை. ஆனால் எந்தக் கால் வண்டியை ஓட்டுகிறது என்பதைப் பெற்றோர்தான் கவனிக்க வேண்டும்.

ஆகவே உங்கள் மகனிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து, "மாஸ்டர், அவசரம்னா மட்டும் கால் வைங்க, வண்டி ஆஃப் ஆனா ஆகட்டும்" என்று அவனே கேட்கட்டும். ஓட்டி முடித்து வரும் ஒவ்வொரு நாளும் "இன்று எத்தனை முறை ஆஃப் ஆயிற்று?" என்று நீங்கள் விசாரியுங்கள். ஒரு முறைகூட ஆகவில்லை என்று முதல் வாரத்திலேயே சொன்னால் பெருமைப்படாமல் பள்ளிக்கு ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்.

மணிக் கணக்கையும் பாருங்கள். மத்திய விதிகளின்படி சொந்த வாகனம் ஓட்டப் பழகுபவருக்குப் பள்ளியில் பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது, உண்மையில் ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. '15 நாளில் கார்' என்று எழுதியிருக்கும் இடத்தில் நாளுக்கு அரை மணி என்றால் ஏழரை மணி நேரம்தான் ஆகிறது. அதிலும் பின் இருக்கையில் காத்திருந்த நேரம் சேர்க்கப்பட்டிருக்கலாம். இதற்கு மாறாக, 2021இல் நடைமுறைக்கு வந்த அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள், இலகு ரக வாகனப் பயிற்சிக்கு 29 மணி நேரம் வகுத்து, அதில் 21 மணி நேரத்தைச் செய்முறைக்கு ஒதுக்கியிருக்கின்றன. வழக்கமான பள்ளி தரும் பத்துக்கும் அந்த இருபத்தொன்றுக்கும் இடையில் இருக்கும் பதினொரு மணி நேரம் இருக்கிறதே, அதுதான் பெற்றோரின் பங்கு என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பங்கை நாங்கள் எப்படிச் செய்தோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மகளின் அருகில் என் கணவருக்குப் பதிலாக நான் அமர்ந்தேன். மூத்தவனிடம் நடந்தது அவர் மனத்திலும் இருந்தது. மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு முறை சென்றோம். சாலைச் சந்திப்புக்குள் நுழைந்த பிறகு வாயைத் திறக்கக் கூடாது, சொல்ல வேண்டியதை அதற்கு ஐம்பது மீட்டர் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அவளை மட்டும் பேசவிட்டேன்: கண்ணில் படுவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னேன். "இடப்பக்கம் ஷேர் ஆட்டோ, ஆள் இறங்குறாங்க, முன்னாடி பைக், இண்டிகேட்டர் போடல, அந்தப் பாட்டி குறுக்கே வருவாங்க." அவள் சொல்லாமல் விட்டது எதுவோ, அதை மட்டும் நான் சொன்னேன். எதைப் பார்க்கிறாள், எதைத் தவறவிடுகிறாள் என்பது எனக்கு வேறு எந்த வழியிலும் தெரிந்திருக்காது.

நம் பகுதிக்கென்றே சில பாடங்கள் இருக்கின்றன. அவற்றைப் பள்ளி சொல்லித்தரும் என்று காத்திருக்க முடியாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது இருபுறமும் இருசக்கர வாகனங்கள் கையகல இடைவெளியில் வந்து ஒட்டிக்கொள்ளும். திறந்ததும் எதிரெதிரே இரு கூட்டமும் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும். அந்த நேரத்தில் ஹாஃப் கிளட்ச்சில், அதாவது கிளட்ச்சைப் பாதி மட்டும் விட்டு, அங்குலம் அங்குலமாக வண்டியை நகர்த்தத் தெரிந்திருக்க வேண்டும். மழைக் காலத்தில் கணேசபுரம் போன்ற சுரங்கப்பாதைகளின் முன்னால் நின்று, தண்ணீர் தேங்கியிருந்தால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் இறங்காமல் திரும்பிவிடத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது டிரெய்லர். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலைகளிலும் துறைமுகத்துக்குப் போய் வரும் கன்டெய்னர் வண்டிகளோடுதான் நம் பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் ஓட்டப் போகிறார்கள். 40 அடி கன்டெய்னர் என்பது 12 மீட்டருக்கும் நீளமான பெட்டி. அது இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உட்புறமாக வெட்டி வரும்; அதற்கு இடம் வேண்டுமென்றுதான் ஓட்டுநர் முதலில் வலப்பக்கமாக ஒதுங்குகிறார். அதை வழி விடுகிறார் என்று தவறாக எண்ணி இடப்பக்கம் நுழைபவர்கள் நசுங்குகிறார்கள். இதை வாயால் சொன்னபோது மகளுக்கு முழுமையாக விளங்கவில்லை. எங்கள் தெருவில் டிரெய்லர் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் வண்டி நின்றுகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளைக் கேபினில் ஏற்றி ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். எங்கள் காரை வண்டியின் இடப்பக்கம் ஒட்டி நிறுத்தினோம். "உங்க கார் தெரியுதாம்மா?" என்று அவர் கேட்டதற்கு, இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு அவள் இல்லை என்றாள். ஓட்டுநர் வலப்பக்கம் உயரத்தில் அமர்ந்திருப்பதால் இடப்பக்கக் கதவுக்குக் கீழே இருப்பது அவர் கண்ணுக்கு எட்டுவதில்லை. அன்றிலிருந்து அவள் டிரெய்லரின் இடப்பக்கம் போனதில்லை.

பெற்றோர் கற்றுத்தருவதில் ஒரு குறை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம்முடைய பழக்கங்கள் அப்படியே பிள்ளைக்குப் போய்விடுகின்றன. என் கணவர் இடது காலைக் கிளட்ச்சின் மேலேயே வைத்து ஓட்டுவார். மூத்தவனும் அப்படியே பழகிவிட்டான், கிளட்ச் பிளேட் சீக்கிரமே தேய்ந்தது. பயிற்சி தொடங்கும் முன் நீங்களும் பள்ளி மாஸ்டரோடு ஒரு முறை போய், அவர் முன்னிலையில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டி, உங்கள் குறைகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. 20 ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு இது கூச்சமாக இருக்கலாம், ஆனால் பிள்ளைக்காகச் செய்யலாம்.

எங்கே பழக்குவது என்ற கேள்விக்கு: எம்.சி. ரோடு பக்கம் தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் விடியற்காலை என்றால் காலியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மீன் ஏலத்துக்கு வரும் வண்டிகளுக்கு அதுதான் நெரிசல் நேரம். நாங்கள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் ஓட்டிக்கொண்டு மணலி புதுநகர் வரை போய், அங்கே இருக்கை மாறிக்கொண்டோம். சில வாரங்கள் மாதவரம் பால்பண்ணைப் பக்கம் போனோம். முதல் மாதம் முழுவதும் திரும்பி வரும்போதும் நானே ஓட்டினேன், ஏனென்றால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவள் கவனம் குறைவதைக் கண்கூடாகப் பார்த்தேன். இரண்டாம் மாதம் திரும்பும் வழியில் பாதித் தொலைவை அவளிடம் விட்டேன். மின்ட் மேம்பாலத்தின் ஏற்றத்தில் அவள் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்னோக்கி ஒரு அடியும் நகராமல் எடுத்துச் சென்றது பதினோராவது வாரத்தில்.