மறு: 40 ஆயிரம் கட்டி ஹெச்ஆர் கோர்ஸ் சேரலாமா?

தம்பி, பி.காம் முடிச்சிட்டு தண்டையார்பேட்டையில இருக்கேன், இங்கிலீஷ் தடுமாறுது, 40 ஆயிரத்துக்கு மூணு மாச ஹெச்ஆர் கோர்ஸ் சேரலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்பட்டுக் கட்டாதீங்க. நானும் கட்டினவன்தான், சர்டிபிகேட் இன்னும் பீரோவுல தூங்குது.

இன்டர்வியூல என்னைக் கேட்டது சம்பளக் கணக்கு. பேசிக் 14,000, மொத்தம் 18,000 வாங்குறவருக்கு பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) எவ்வளவு பிடிக்கணும்? பேசிக்ல 12 சதவீதம், 1,680. இ.எஸ்.ஐ (தொழிலாளிக்கான மருத்துவக் காப்பீடு)? மொத்தத்துல 0.75 சதவீதம், 135. இ.எஸ்.ஐ-க்கு கம்பெனி தன் பங்கா 3.25 சதவீதம் கட்டணும். இதை எக்செல்ல போட்டுப் பழகுங்க, பி.காம் படிச்சவருக்கு ஒரு வாரம் போதும். கிராஜுவிட்டி (பணிக்கொடை), லீவு விதிகளையும் அப்படியே பாத்துடுங்க.

மணலி, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்டர்கிட்ட டைம் ஆபீஸ் வேலை (ஆள் வருகை, ஷிப்ட் நேரக் கணக்கு பாக்குறது) கிடைச்சா, சம்பளம் கம்மின்னாலும் சேருங்க. அங்க தொழிலாளிகிட்ட பேச நம்ம தமிழ்தான் வேணும் (கொஞ்சம் இந்தியும், இப்பல்லாம்). 1918-லயே பெரம்பூர்ல மில் தொழிலாளிங்க சங்கம் கட்டின ஏரியா இது. சட்டம் தெரியாம யூனியன்காரர் எதிர்ல உக்காந்தீங்கன்னா தொலைஞ்சீங்க.

மேல படிக்கணும்னா தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்துல விசாரிங்க, அரசு நிறுவனம். இங்கிலீஷுக்கு இப்போதைக்கு ஆஃபர் லெட்டர், மெமோ எழுதத் தெரிஞ்சா சமாளிக்கலாம்.