பட்டியல் கேட்ட வாசகிக்கு

அன்புள்ள ஐயா,

தெகிவளையில் வசிக்கிறேன், வங்கியொன்றில் பணிபுரிகிறேன். பாடசாலைக் காலத்திலிருந்து நாவல்களையே வாசித்து வந்தேன். அண்மைய ஆண்டுகளில் வாசித்தவற்றுள் பெரும்பாலானவை யுத்தத்தைப் பற்றியவை. அவற்றின் முக்கியத்துவத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் அடுத்த நாவலைத் திறக்கும்போதே ஓர் அலுப்பு வந்துவிடுகிறது. வரலாறு, தன்வரலாறு, கட்டுரை என்று பலவும் கலந்து வாசிக்க விரும்பி, செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய நூல்களில் பல பாதியில் நிற்கின்றன. ஆங்கிலமும் ஓரளவு வாசிப்பேன். புனைவில் பத்தும் புனைவல்லாதவற்றில் பத்துமாக ஒரு பட்டியல் தருவீர்களா? பாதியில் விட்டவற்றை முடித்த பிறகுதான் புதியவற்றைத் தொடங்க வேண்டுமா?

தெகிவளை வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பட்டியல் தருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒருவர் எழுதித் தரும் இருபது நூல்களும் அவருடைய நெடுநாள் வாசிப்பில் எஞ்சியவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவர் எதைத் தேடிப் போனார் என்பது பட்டியலில் இராது. அந்தத் தேடல் இல்லாமல் நூல்கள் மட்டும் வீடு வந்து சேர்ந்தால், அவை பாதியில் நிற்பதில் வியப்பில்லை. ஆகவே, ஒரு நூலை மூடும்போது மனதில் எஞ்சும் கேள்வியைக் கொண்டு அடுத்த நூலைத் தெரிவது எப்படி என்பதை, நான் அறிந்த சில நூல்களை வைத்துச் சொல்கிறேன்.

லெனாட் வூல்ஃப் 1904 முதல் 1911 வரை யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். 1913 இல் வெளியான அவருடைய ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ என்னும் நாவல், அம்பாந்தோட்டைப் பக்கத்துக் காட்டுக் கிராமமொன்று கடனாலும் வரட்சியாலும் அதிகாரிகளின் சூழ்ச்சியாலும் சிறிது சிறிதாக அழிவதைச் சொல்கிறது. வேட்டைக்காரனான சிலிந்துவின் கண்ணால் நீதிமன்றத்தைப் பார்க்கும்போது, அங்கே நடப்பது எதுவும் அவனுக்கு விளங்கவில்லை என்பது நமக்கு நன்றாக விளங்குகிறது. நாவலை மூடியதும் எழும் கேள்வி இதுதான்: நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்திருந்த ஒருவருக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் மனம் எப்படித் தெரிந்தது?

அந்தக் கேள்வியோடு அவருடைய உத்தியோக நாட்குறிப்புகளைத் திறவுங்கள். அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது மேலதிகாரிகளின் பார்வைக்கென்று அவர் எழுதியவை அவை. பிற்காலத்தில் நூலாக வந்தன. உப்புச் சேகரிப்பு, மாடுகளைத் தாக்கிய கொள்ளைநோய், நோய்கண்ட மாடுகளைச் சுடச் சொன்ன உத்தரவுக்கு எழுந்த எதிர்ப்பு, சனத்தொகைக் கணக்கெடுப்பு என்று நாளாந்தக் கருமங்களே அவற்றை நிரப்புகின்றன. எழுதியவர் கண்டிப்பான அதிகாரி. நாவலில் காணும் இரக்கத்தை அங்கே தேடித்தான் எடுக்க வேண்டும். 1961 இல் வெளியான தன்வரலாற்றுப் பகுதியான ‘குரோயிங்’, முதியவராகிவிட்ட வூல்ஃப் அந்த இளம் அதிகாரியைத் திரும்பிப் பார்ப்பது. ஒரே மனிதரின் மூன்று குரல்களையும் அடுத்தடுத்துக் கேட்ட பிறகு, புனைவு எதைச் சொல்லவல்லது, ஆவணம் எதைச் சொல்லவல்லது என்பதற்கு எவருடைய விளக்கமும் உங்களுக்குத் தேவைப்படாது. (நாவலைத் தழுவி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த சிங்களப் படத்தில் வூல்ஃபாக நடித்தவர் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

தமிழிலும் இதே வழியில் போகலாம். சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலை வாசித்துவிட்டு, அவரே எழுதிய ‘நாடற்றவர் கதை’யை எடுங்கள். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் அவர். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களான மலையகத் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அதன் பின் 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தையும் தேடி வாசியுங்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வோம் என்று மனிதரைப் பங்கிட்ட அந்த வாசகங்களை, லயத்துக் குடும்பமொன்றை நாவலில் அறிந்த பிறகு வாசிப்பதற்கும் அறியாமல் வாசிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. சட்டமும் ஒப்பந்தமும் புனைவல்லாத வாசிப்பில் அடங்குமா என்று கேட்பீர்கள்; என் கணக்கில் அடங்கும்.

யுத்த நாவல்களில் உங்களுக்கு ஏற்பட்ட அலுப்பும் பாதிப் பங்கு நாவல்களை மட்டும் தனியே வாசித்ததால் வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. போராட்டத்தில் பங்கேற்றவர்களே எழுதிய தன்வரலாறுகளான தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’, புஷ்பராஜாவின் ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’ போன்றவற்றை அந்நாவல்களுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். அவற்றோடு உடன்படுகிறீர்களா என்பது வேறு விடயம். மறுத்து வாசிப்பதும் வாசிப்புத்தான்.

கதை வாசித்துப் பழகியவருக்கு நுழைவாயிலாக உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ போன்ற ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை. வார இதழில் தொடராக வந்ததால் ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததற்கு இழுத்துச் செல்லும். அதில் ஏட்டுச் சுவடிகளின் மீது ஆர்வம் பிறந்தால் நம்மவரான சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையிடம் வாருங்கள். சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் இவருடைய கலித்தொகைப் பதிப்பும் 1887 இல் வெளிவந்தவை. தொட்டால் ஓரம் உதிரும், கட்டை அவிழ்த்தால் இதழ் முறியும் என்று சுவடிகளின் நிலையை அவர் சொல்லும் கலித்தொகைப் பதிப்புரை, பல சிறுகதைகளைக் காட்டிலும் என்னைப் பாதித்தது.

இனி, எங்கே தேடுவது என்பது. விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகிலுள்ள கொழும்புப் பொது நூலகத்துக்குப் போய்ப் பல காலம் ஆகியிருந்தால் ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். நூலகங்கள் நூல்களை எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பின்படி ஆங்கிலப் புனைகதை 823 இலும், தமிழ் இலக்கியம் 894.811 இலும், இலங்கை வரலாறு 954.93 இலும் வரும். வூல்ஃபின் நாவலும் நாட்குறிப்பும் இதனால் வெவ்வேறு தட்டுகளுக்குப் போய்விடுகின்றன. இரண்டையும் சேர்த்து எடுப்பது வாசகரின் வேலை. உங்களுக்கு அண்மையில் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. பதிப்பில் இல்லாத ஈழத்து நூல்களுக்கு, 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தை முதலில் பாருங்கள். மருதானைப் பழைய புத்தகக் கடைகளுக்கு எதையும் தீர்மானித்துக்கொண்டு போகாதீர்கள். போனால் அது கிடைக்காது.

கடையில் நின்று கட்டுரை நூலொன்றை வாங்கலாமா என்று யோசிக்கும்போது, பின்னட்டைப் புகழுரையை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். உசாத்துணைப் பட்டியலும் சொல்லடைவும் ஒழுங்காக இருக்கும் நூல் பெரும்பாலும் ஏமாற்றாது. அந்த உசாத்துணையே உங்களுக்கு அடுத்த பத்து நூல்களைக் காட்டும். தமிழில் சொல்லடைவு போடும் பதிப்பாளர் குறைவு என்பது என் நெடுநாள் மனக்குறை. வெற்றிக்கு வழிகாட்டும் நூல்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாதியில் விட்டவற்றை முடிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. கட்டுரை நூலை முதற்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற விதியும் இல்லை. 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸின் நூல், 1681 இல் நான்கு பாகங்களாக வெளிவந்தது. முதல் மூன்று பாகங்களும் நாடு, அரசன், குடிகள் என்று விரிபவை. அங்கேயே களைத்துத் திரும்பியவர் பலர். நீங்கள் நான்காம் பாகத்திலிருந்து தொடங்குங்கள். தொப்பி பின்னி விற்றதும், அப்படிப் பின்னிய ஒரு தொப்பிக்கு விவிலியமொன்றை வாங்கியதும், அநுராதபுரக் காட்டினூடாக மன்னார் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியதும் அதில்தான் வருகின்றன. பின்னாளில் டானியல் டிபோ தம்முடைய ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் நொக்ஸின் இந்தக் கதையைச் சுருக்கிச் சேர்த்துக்கொண்டார். நொக்ஸ் பிடித்துப்போனால் அடுத்து அந்த நாவலை எடுக்கலாம். அந்தக் குடிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய ஆவல் எழுந்தால் மூன்றாம் பாகத்துக்குத் திரும்பலாம்.