பெரிய எஞ்சின் வைத்த பழைய அமெரிக்க மசில் காரில், கூரை திறக்கிற கன்வர்ட்டிபிள் வாங்கலாமா, கூரை நிலையாக இருக்கும் கூபேதான் நல்லதா?

தாராளமாக வாங்கலாம். "கூரை திறக்கிற மசில் கார் வெறும் பந்தாவுக்கு" என்று யாரோ உங்களைக் குழப்பியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். பிளிமத் நிறுவனம் 1971-இல் ஹெமி குடா என்ற மசில் காரில் கன்வர்ட்டிபிள் செய்தது மொத்தமே 11. அதில் ஒன்று 2014-இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதிலிருந்த 426 கன அங்குல ஹெமி என்ற பெரிய எஞ்சினைப் பந்தாவுக்காக யாரும் வைக்க மாட்டார்கள். கால் மைல் நேர்ப் பந்தயத்தில் கூபேதான் முந்தும், கன்வர்ட்டிபிள் எடை அதிகம். அதை நான் மறுக்கவில்லை.

மிச்சிகனில் இருக்கிறேன். என்னுடையது செவர்லே நிறுவனத்தின் 1968 கேமரோ கன்வர்ட்டிபிள், 327 கன அங்குல எஞ்சின். துருப்பிடித்த தரைத் தகட்டை மாற்ற ஒரு பட்டறையில் விட்டேன். திரும்பி வந்த வண்டி, வேகம் எடுத்ததும் உதறியது. முன் கண்ணாடிச் சட்டம் நடுங்க, உள் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது. "பழைய கன்வர்ட்டிபிள் அப்படித்தான் ஆடும்" என்றார்கள்.

டிக்கியைத் திறந்தால் இரு மூலைகளிலும் வெறும் போல்ட் ஓட்டைகள். கூரை இல்லாத உடம்பு முறுக்கிக்கொண்டு அதிரும் என்பதால் அந்தக் கேமரோவுக்கு செவர்லே நான்கு மூலைகளிலும் கனமான உருளைகள் வைத்தது. உள்ளே ஸ்பிரிங்கில் ஒரு எடை, சுற்றிலும் எண்ணெய். வண்டி ஒரு பக்கம் அதிர்ந்தால் எடை எதிர்ப்பக்கம் ஆடி அதை அடக்கும். அவற்றை வேண்டாத பாரம் என்று என்னைக் கேட்காமலே குப்பையில் போட்டிருக்கிறார்கள்! பழைய சாமான் சந்தையில் அலைந்து வேறு நான்கு வாங்கி மாட்டினேன். நடுக்கம் வெகுவாக அடங்கியது.

இதற்கு நடுவில் நம்மாட்கள் வேறு. விருந்துக்குப் போனால் "இந்தக் காசுக்கு ஊரில் ஒரு மனை வாங்கியிருக்கலாமே" என்பார்கள். மூன்றாவது எஸ்யூவி வாங்கியவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. உழைத்த காசில் ஆசைப்பட்டதை வாங்கக் கூடாதா?

நீங்கள் பார்க்கப் போகும்போது பெயின்டில் மயங்காதீர்கள். கதவு இடைவெளி மேலே நெருங்கி, கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள்; இடித்தால் அடித்தகடு போயிருக்க வாய்ப்பு அதிகம். கேமரோ என்றால் டிக்கி மூலைகளையும் பாருங்கள். உருளைகள் இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.