பதில்: போக்கிமான் ஃபயர்ரெட் கேமில் சார்மாண்டரை வைத்து புரோக்கைத் தாண்ட முடியவில்லை

லெவல் 14 சார்மாண்டரும் (நெருப்பு) பிகாச்சுவும் (மின்சாரம்) இருந்தும், முதல் ஜிம் தலைவர் புரோக்கின் ஓனிக்ஸ் என்ற போக்கிமானிடம் 4 முறை தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். லெவல் போதும் நண்பரே, டைப்தான் (போக்கிமானின், அதன் அடியின் வகை) இடிக்கிறது. ஓனிக்ஸ் பாறை-நிலம் இரண்டும் கலந்தது. பாறை நெருப்பைப் பாதியாக்கிவிடும். நிலத்தின் மேல் மின்சாரம் துளியும் ஏறாது. அதனால் பிகாச்சுவை எடுத்துவிடுங்கள்.

சார்மாண்டருக்கு லெவல் 13-இல் கிடைக்கும் மெட்டல் கிளா என்ற எஃகு அடி, பாறைக்கு இரட்டிப்பு அடிதான். ஆனால் ஓனிக்ஸின் அடிப்படை டிஃபென்ஸ் (தற்காப்பு) 160. நீங்கள் எதிர்பார்த்த அளவு அதன் ஹெச்பி (உயிர்ப் புள்ளிகள்) இறங்காததற்கு அதுதான் காரணம். அதற்குள் ஓனிக்ஸ் போடும் ராக் டூம் என்ற பாறை அடி உங்கள் வேகத்தையும் குறைத்துவிடும்.

விரிடியன் நகரத்துக்கு மேற்கே ரூட் 22 புல்லில் மேன்கி என்ற சண்டை டைப் போக்கிமான் ஒன்றைப் பிடியுங்கள். அது கற்கும் லோ கிக், எதிரியின் எடைக்கு ஏற்ப பலம் கூடும் அடி. புரோக்கின் இன்னொரு போக்கிமானான 20 கிலோ ஜியோடூடுக்கு 40தான். 210 கிலோ ஓனிக்ஸுக்கு முழு 120! லோ கிக்கும் மேன்கியின் சொந்த டைப்பான சண்டை என்பதால் ஒன்றரை மடங்கு, எதிரி பாறை என்பதால் இன்னும் இரண்டு மடங்கு. பாறை அடியும் மேன்கிக்குப் பாதிதான் விழும். விரிடியன் காட்டில் லெவல் 12 வரை ஏற்றினால் பெரும்பாலும் இரண்டு உதையில் ஓனிக்ஸ் விழுந்துவிடும். ஜியோடூடை சார்மாண்டரே மெட்டல் கிளாவால் முடிக்கட்டும், மேன்கியின் ஹெச்பி மிஞ்சும்.

மேன்கிக்குப் பதில் பட்டர்ஃப்ரீ என்ற போக்கிமானைச் சிலர் சொல்வார்கள். லெவல் 10-இல் வரும் கன்ஃபியூஷன் நல்ல அடிதான், ஆனால் பூச்சி-பறவை என்பதால் ஒரு ராக் டூம் நாலு மடங்காக விழும். வேண்டாம்.