தீப்பந்தம் பிடித்தவர்கள் ஏன் வரவில்லை?

ஐயா, வணக்கம்.

1848 ஐரோப்பியப் புரட்சிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் பலேர்மோவில் பற்றிய தீ மார்ச் முடிவதற்குள் பாரிஸ், வியன்னா, மிலான், பெர்லின் என்று பரவிவிட்டது. பிரெஞ்சு மன்னர் ஓடினார், ஆஸ்திரியப் பேரரசின் சான்சலர் மெட்டர்னிக் ஓடினார். ஆனால் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹங்கேரி சரணடைந்ததோடு எல்லாம் அடங்கிப்போனது. இப்படித் தோற்றதற்குத் தலைமைதான் காரணமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கல்லூரி நாட்களில் நானும் தலைமையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஹான்ஸ் குட்லிக்கைப் பற்றிப் படித்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

ஆஸ்திரியப் பேரரசின் சிலேசியா மாகாணத்தில் ஒரு விவசாயியின் மகன் அவர். 1848 ஜூலையில் வியன்னாவில் கூடிய நாடாளுமன்றத்தில் மிக இளையவர்களில் ஒருவர், வயது 24. பண்ணையாருக்கு விவசாயி கட்டுப்பட்டுக் கிடப்பது ஒழிய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அங்கே 'ரோபோட்' என்று ஒரு முறை இருந்தது. உழவன் தன் மாட்டையும் ஏரையும் ஓட்டிப் போய் வாரத்தில் மூன்று நாள் வரைகூடப் பண்ணையார் நிலத்தில் சும்மா உழுது கொடுக்க வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருமே, கிட்டத்தட்ட அதுதான். (செக் மொழியில் இதற்குப் பெயர் ரோபோட்டா. இன்றைய ரோபோவுக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான்.)

செப்டம்பர் 7இல் அது சட்டமானது. பண்ணையார்களுக்கு இழப்பீடு கூடாது என்று குட்லிக் வாதாடினார், எடுபடவில்லை. ஆனாலும் விவசாயிகள் வியன்னாவுக்கே வந்து தீப்பந்த ஊர்வலம் நடத்தி அவரைக் கொண்டாடினார்கள்.

அடுத்த மாதமே, அதே பேரரசுக்குள் புரட்சியில் இறங்கியிருந்த ஹங்கேரிமேல் படை அனுப்புவதை எதிர்த்து வியன்னா கிளர்ந்தது. போர் அமைச்சர் லத்தூரை விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். பேரரசின் தளபதி விண்டிஷ்கிரேட்ஸின் படை நகரைச் சூழ்ந்தது. நகரைக் காப்பாற்ற வாருங்கள் என்று குட்லிக் கிராமங்களுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் அசையவில்லை. அக்டோபர் 31இல் வியன்னா விழுந்தது.

அந்த விவசாயிகளை நன்றி கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாணவனும் வக்கீலும் கேட்ட பத்திரிகைச் சுதந்திரத்தால் அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? வேண்டியது கைக்கு வந்துவிட்டது. அவர்கள் போட்ட கணக்கும் தப்பவில்லை. டிசம்பரில் 18 வயதில் அரியணை ஏறிய பிரான்ஸ் ஜோசப் அடுத்த மார்ச்சில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ரோபோட்டில் மட்டும் கை வைக்கவில்லை. அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் கிராமங்கள் பற்றிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஆக, 1848இல் தோற்றது நகரம். நீங்கள் படிக்கும் வரலாறுகளை எழுதியவர்களும் பெரும்பாலும் நகரத்தார்தான்.

ஹங்கேரி விஷயம் வேறு. அங்கே ஆஸ்திரியாவுக்கு உதவியாக ரஷ்ய ஜாரின் படை இறங்கியது. அராத் நகரில் ஹங்கேரியப் படையின் 13 தளபதிகளைக் கொன்ற கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

குட்லிக் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப் போய் மருத்துவம் படித்தார். 1854இல் அவர் இல்லாமலேயே வழக்கு நடத்தி மரண தண்டனை விதித்தார்கள். அப்போது அவர் நியூயார்க்குக்கு எதிர்க்கரையில், ஹோபோகனில், வைத்தியம் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

அன்புடன்.