மகள் வனவிலங்கு மீட்புப் பணிக்குப் போக விரும்பினால்: பிளஸ் டூ பெற்றோருக்கு

உங்கள் மகள் பிளஸ் டூ படிக்கிறார். மருத்துவமும் வேண்டாம், பொறியியலும் வேண்டாம், வனவிலங்கு மீட்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இதை நம்பிப் படிக்க வைத்தால் பிழைப்பு ஓடுமா என்பது உங்கள் கவலை. ஓடும். ஆனால் ‘மீட்பாளர்’ என்ற பெயரில் தனிப் பட்டமும் நிரந்தர அரசு வேலையும் காத்திருக்கின்றன என்று நினைத்து இறங்கினால், படிப்பு முடிந்த பிறகு திண்டாட வேண்டிவரும். இந்த வேலையில் நிலைத்தவர்கள் கால்நடை மருத்துவராகவோ, உயிரியலாளராகவோ, வனத்துறை அலுவலராகவோ, ஊர் மக்களோடு வேலை செய்யும் களப்பணியாளராகவோ உள்ளே வந்தவர்கள். எந்த வழி என்று இந்த வருடமே முடிவு செய்தாக வேண்டும். அதற்கு முன் வேலை எப்படிப்பட்டது என்று மகளுக்குத் தெரிய வேண்டும்.

கண் திறக்காத அணில் குட்டி ஒன்று மையத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சூடுதான், பால் இல்லை. உடம்பு சில்லிட்டிருக்கும்போது எதைக் கொடுத்தாலும் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, வயிறு வெதுவெதுப்பான பிறகு நீரிழப்புக்கான கரைசல், அதற்கும் பிறகுதான் பால். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிற்றுப்போக்காகும் என்பதால் லாக்டோஸ் குறைந்த பால்மாவைக் கரைக்கிறார்கள். ஒரு வேளைக்கு உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 40 கிராம் குட்டிக்கு 2 மில்லி. ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில், குட்டியைக் குப்புற வைத்து, தலையை லேசாகத் தூக்கிச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைப்போல மல்லாத்திப் பிடித்தால் பால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வந்துவிடும். வீட்டில் வளர்க்கப் பார்த்த குட்டிகள் பலவும் போவது இப்படித்தான். பால் கொடுத்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே வருடினால்தான் சிறுநீர் போகும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு அதோடு கொஞ்சிப் பேசக் கூடாது, செல்லப்பெயர் வைக்கக் கூடாது. மனிதரிடம் பழகிய குட்டியை வெளியே விட்டால் நாய்க்கோ பூனைக்கோ இரையாகிவிடும்.

பெரிய விலங்கு வந்தால் சிக்கல் வேறு. நாய் துரத்தி ஊருக்குள் நுழைந்த புள்ளிமானைக் கூட்டமாக விரட்டிப் பிடித்தால், காயமே இல்லாமல் இருந்தாலும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ செத்துப்போகலாம். ஓட்டத்திலும் பயத்திலும் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாழாக்கிவிடுகிறது. கண்ணை மூடி, சத்தத்தை அடக்கி, சீக்கிரம் பெட்டியில் ஏற்றுவதே பாதி சிகிச்சை. செல்பி எடுக்க வரும் பத்துப் பேரைச் சண்டை போடாமல் தள்ளி நிறுத்தத் தெரிந்தவர் அங்கே மருத்துவருக்குச் சமம்.

இதைப் படித்த பிறகும் மகளுக்கு ஆசை குறையவில்லை என்றால் படிப்பைப் பேசலாம்.

சிகிச்சை செய்ய விருப்பம் என்றால் கால்நடை மருத்துவம்தான். மாற்று வழி கிடையாது. பி.வி.எஸ்சி. படிப்பு ஒரு வருடப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை வருடம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட் தேவை. பெற்றோருக்கு என் பரிந்துரையும் இதுதான். வனவிலங்குப் பணி உடனே அமையாவிட்டாலும் ஆடு, மாடு, நாய், பூனை பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம்.

விலங்கைத் தொடுவதைவிட அது வாழும் இடத்தை ஆராய்வதில் ஆர்வம் என்றால் விலங்கியலோ தாவரவியலோ இளங்கலை, பிறகு வனவிலங்கு உயிரியலில் முதுகலை. இதை ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் படிக்கலாம். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் போட்டி இருக்கும். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியின் நான்கு வருட வனவியல் படிப்பும் நல்ல தொடக்கம். ஆராய்ச்சி வேலைகள் பெரும்பாலும் திட்டம் ஓடும்வரைதான். நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். வீட்டுக் கடன் தவணையை மகளின் சம்பளத்தில் கட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் இதை முன்பே பேசிவிடுங்கள்.

அரசு வேலையின் உறுதி வேண்டும் என்றால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்விலேயே இப்போது வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் வருகின்றன. மேலே இந்திய வனப்பணி. அதற்கு அறிவியல் சார்ந்த பட்டம் வேண்டும், முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.ஸுக்கும் அதற்கும் ஒன்றே. தேர்வானால் 4 மணி நேரத்தில் பெண்கள் 14 கிலோமீட்டர், ஆண்கள் 25 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும்.

விலங்கைக் காப்பாற்றுவதில் பெரும்பகுதி மனிதரோடு பேசுவது என்பதைப் பிள்ளைகள் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். வால்பாறையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் இருட்டில் வீடு திரும்பும்போது யானை நிற்பது தெரியாமல் எதிரே போய் மாட்டிக்கொள்வதுதான் உயிரிழப்புக்கு முக்கியக் காரணமாக இருந்தது. யானை எங்கே நிற்கிறது என்று செல்போன் குறுஞ்செய்தி, கம்பங்களில் எரியும் சிவப்பு விளக்கு, உள்ளூர் கேபிள் டி.வி. வழியாக முன்கூட்டியே சொல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. இந்த வேலைக்கு மயக்க ஊசி தேவைப்படவில்லை. தோட்டத் தொழிலாளி எத்தனை மணிக்கு, எந்த வழியாக வீட்டுக்குப் போகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை தேவைப்பட்டது. பாம்புத்தோல் வியாபாரம் தடையானபோது, பாம்பு பிடிப்பதில் தேர்ந்த பழங்குடியினரான இருளர்களின் பிழைப்பு போனது. 1978-இல் உருவான வடநெம்மேலி கூட்டுறவுச் சங்கத்தில் அதே கைத்திறன் விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுக்கப் பயன்படுகிறது. அவர்களிடம் போய்ப் பாம்பைப் பற்றிப் பாடம் எடுக்க நினைப்பவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை. சமூகப்பணி அல்லது மானுடவியல் படித்தவர்களுக்கும் இங்கே இடம் உண்டு என்பதைக் கலைப்பிரிவு மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பார்த்துப் பழகக் கடலாமைப் பணி நல்ல இடம். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் ஆமை முட்டைகளைத் தேடி இரவு நடை போகிறார்கள். பருவம் ஜனவரியில் தொடங்கும். ஒரு பங்குனி ஆமை சுமார் நூறு முட்டை இடும். எடுத்த முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள், உருட்டாமல், குஞ்சு பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். நேரம் கடந்தால் கரு ஓட்டோடு ஒட்டிவிடும். பிறகு புரட்டினால் சாகும். மணல் அதிகம் சூடானால் பிறப்பதெல்லாம் பெண்ணாகும், இன்னும் ஏறினால் முட்டை வெந்துவிடும். அதனால்தான் மேலே நிழல்வலை கட்டுகிறார்கள். இரவு முழுக்க வெறுங்காலோடு மணலில் நடந்து ஒரு முட்டைக்குழிகூடக் கிடைக்காமல் திரும்பும் நாளும் உண்டு. அதன் பிறகும் மறுவாரம் மகள் கிளம்பினால் நீங்கள் தைரியமாகப் பணம் கட்டலாம்.

தன்னார்வலராக ஒரு மையத்தில் சேர்க்கும் முன் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, கைக்கு வந்த காட்டு விலங்கைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். பார்வையாளர்களைக் குட்டியோடு படம் எடுக்க விடும் இடம், ‘அனுபவக் கட்டணம்’ கேட்கும் இடம், விடுவித்த விலங்குகளின் பதிவேடு காட்டாத இடம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். சேரும் முன் வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாளில் மூன்று தவணை போட்டிருக்க வேண்டும். டெட்டனஸ் ஊசியும் நிலுவையில் இருக்கக் கூடாது. பாம்பு பிடிக்கக் கற்றுத்தருகிறேன் என்று யாராவது பள்ளிப் பிள்ளையைக் கூப்பிட்டால் அனுப்பாதீர்கள்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் கால்நடை மருத்துவத்துக்கும் வனவியலுக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். இரண்டும் வெவ்வேறு பல்கலைக்கழகங்கள், வெவ்வேறு கலந்தாய்வுகள், கடைசித் தேதியும் ஒன்றாக இருக்காது. கட்-ஆஃப் எட்டவில்லை என்றால் அருகில் உள்ள நல்ல கல்லூரியில் விலங்கியல் சேர்த்துவிட்டு, வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் பறவைகள் கணக்கெடுப்பில் மூன்று வருடமும் பங்கெடுக்கச் சொல்லுங்கள். முதுகலை நேர்காணலில் அந்த அனுபவத்தைப் பற்றியும் கேட்கலாம்.