பயிற்சி மையத்தில் எடுக்காத மகனுக்கு என்ன வழி?

அன்புள்ள அக்கா,

உயரம் போதாது என்று மகனைக் கால்பந்துப் பயிற்சி மையத்தில் எடுக்கவில்லை, அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, நீங்களும் சமையலறைக் கதவில் மாதாமாதம் பென்சிலால் கோடு போட்டு அளந்து பார்க்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாட்களாக அந்தக் கோடுகள்தான் என் மனதில் நிற்கின்றன.

பதினைந்து வயதில் எடுபடாதவன் இனி எப்போது எடுபடுவான், பந்தை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அக்கா. இரண்டும் ஓடட்டும்.

பிரெஞ்சுக் கால்பந்து வீரர் என்கோலோ கான்டேயை உங்கள் மகனுக்கு நிச்சயம் தெரியும். ஆனால் அவர் இங்கிலாந்தின் லெஸ்டர் கழகத்துக்குப் போவதற்கு முந்திய கதை தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாலியிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. பாரிஸுக்குப் பக்கத்தில் சூரேனில் ஒரு சின்னக் கழகத்தில் பத்தொன்பது வயது வரை ஆடினார். சின்ன உருவம் என்று பெரிய கழகங்கள் அவரை எடுக்கவில்லை. 2010-இல் பூலோன்-சூர்-மேர் கழகம் எடுத்தது, அதுவும் இரண்டாம் அணிக்கு. காலால் உந்தும் ஸ்கூட்டரில் பயிற்சிக்குப் போய்வந்தார். கூடவே கணக்கியலில் பே.தே.எஸ் (லிசே என்னும் உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு படிக்கும் தொழில் பட்டயம்) படித்தார். 21 வயதில் மூன்றாம் நிலை லீக்கில்தான் ஒரு முழுப் பருவம் ஆடக் கிடைத்தது. பிறகு கான் நகரக் கழகம். 23 வயதில்தான் முதல் நிலை லீக். 2016-இல் லெஸ்டரோடும், மறு வருடம் செல்சியோடும் இங்கிலாந்து லீக்கை வென்றார். 2018-இல் பிரான்ஸுக்காக உலகக் கோப்பை.

அவர் ஆட்டத்தை மகனோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். எதிரணிக்காரர் தலையைத் தூக்கி யாருக்குத் தட்டலாம் என்று தேடும்போதே கான்டே கிளம்பிவிடுவார். பந்து போய்ச் சேருமுன் நடுவில் அவர் கால் இருக்கும். நடுக்கள ஆட்டத்தில் இந்த வேலைக்கு உயரம் தேவையில்லை. கண்ணும் மூச்சும் போதும். அந்தக் கண் ஆடி ஆடித்தான் வரும். உங்கள் மகனுக்கு இப்போது வேண்டியது ஒவ்வொரு வாரமும் முழு ஆட்டம் ஆடக் கிடைக்கும் ஒரு கழகம். வாங்கில் உட்காரவைக்கும் பெரிய பெயர் எதற்கு?

அவனும் கான்டே ஆவான் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக ஆடும் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே அது சம்பளம் தரும் தொழிலாகிறது. அதனால்தான் அந்த பே.தே.எஸ்-ஐ இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கான்டேயும் ஆட்டம் கைகொடுக்கும் என்று தெரியாத காலத்தில்தான் அதைப் படித்தார்.

மகன் இந்த வருடம் கொலேஜை, அதாவது நடுநிலைப் பள்ளியை, முடிக்கிறான். கணக்கில் நல்ல புள்ளி எடுப்பதாகச் சொல்கிறீர்கள். பொது லிசேயில் சேர்த்துவிடுங்கள். நிர்வாகப் பிரிவா வேறு பிரிவா என்று அடுத்த வருடம் பார்க்கலாம். கழகத்தின் பயிற்சி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் லிசே இருக்கட்டும். ரெயிலில் ஒன்றரை மணி நேரம் போய்வந்தால் படிப்பும் கெடும், காலும் சோரும்.

அப்புறம், வெளிநாட்டுக் கழகத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்டதாக எழுதியிருந்தீர்களே, அவருக்கு ஒரு சதம்கூடக் கொடுக்க வேண்டாம். பிள்ளையை உண்மையாகவே விரும்பும் கழகம் பெற்றோரிடம் காசு கேட்காது.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வாருங்கள். புள்ளி அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் தம்பியோடு நான் தனியாக அரை மணி நேரம் பேசுகிறேன்.